ஹால்ட் பஸ் கண்டக்டரின் நோட்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

என் சித்தப்பா 2023 ஜனவரியில், உறைபனி விழுந்த ஒரு விடியற்காலையில், மாரடைப்பில் போய்விட்டார். வயது அறுபது. அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். "அண்ணே, பி நெகட்டிவ் ரெண்டு யூனிட் வேணும், கோயமுத்தூர்ல. நாளைக்குக் காலைல ஆபரேஷன்" என்றது ஒரு குரல். எனக்குப் பேச்சு வரவில்லை. சித்தி என் கையிலிருந்து போனை வாங்கினார். "அவரு தவறிட்டாருங்க. நீங்க ஆஸ்பத்திரி பேரு, வார்டு, பேஷண்ட் பேரு மூணையும் மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு இரண்டு பேர் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினார்கள். அவர்களை அனுப்பியது சித்தி.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் சமூகப் பணி பாடம் நடத்துகிறேன். ஒரு மனிதரைப் பற்றி ஆய்வு எழுதும்போது கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்பவள். இவரிடம் என்னால் தள்ளி நிற்க முடியாது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேயிலைக் காட்டில் நடந்தவர். அதனால், ரத்தம் கொடுக்கிறவர்களின் பெயர்களை அவர் எழுதி வைத்த நான்கு நோட்டுகளையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். சித்தி, இரண்டு மகள்கள், அவரோடு ஓடிய மூன்று டிரைவர்கள், ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர், ரத்தம் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் என்று பலரிடம் உட்கார்ந்து பேசினேன். யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஊர் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஊர், அவ்வளவு போதும். நான் கேட்டுக்கொண்டது ஒரே கேள்வி: அவர் போன பின்னும் ரத்தம் தேடித் தரும் வேலை எப்படி நிற்காமல் நடந்தது?

கம்பளித் தூளி

சித்தப்பா 1962இல் இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருக்கு இரண்டு வயது இருக்கும்போது, 1964 அக்டோபரில், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்துவந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று இரண்டு அரசாங்கங்கள் எண்ணிக்கை போட்டுப் பிரித்தன. அந்த எண்ணிக்கையில் எங்கள் குடும்பமும் ஒன்று. 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரம் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று அரசு 1968 முதல் இங்கே தேயிலை நட்டுக்கொண்டிருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்று கிடைத்தது. கம்பளி கிடைத்தது. சொந்தபந்தம் என்று சொல்லிக்கொள்ள ஊரில் ஒருவரும் கிடையாது. "சிலோன்காரங்க" என்பதுதான் எங்களுக்குப் பெயர்.

வந்த மூன்றாம் வருடம் பாட்டிக்குக் கருச்சிதைவாகி ரத்தம் நிற்காமல் போனது. தாத்தாவும் பக்கத்து லைன்காரர்களும் கம்பளியில் தூளி கட்டி, இரண்டு மைல் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். அந்த வழியாக வந்த பஸ்ஸின் கண்டக்டர் வண்டியை நிறுத்தி, பின்சீட்டைக் காலி செய்து, நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே விடச் சொன்னார். பாட்டி பிழைத்தார். சித்தப்பா எதற்குக் கண்டக்டர் ஆனார் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்லுவார். கூட்டிச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். தூளியின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் அப்பாவாம்.

ஹால்ட் என்றால் என்ன

மலையில் இல்லாதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். கடைசி பஸ் ராத்திரி எட்டே முக்காலுக்கு ஊரிலிருந்து கிளம்பி, ரோடு முடிகிற கிராமத்துக்குப் போய்ச் சேரும். திரும்பாது. டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு முதல் ட்ரிப் எடுப்பார்கள். இதுதான் ஹால்ட். அந்தக் கிராமத்தில் இரவில் நிற்கிற ஒரே வண்டி அதுதான்.

சித்தப்பாவின் ஹால்ட் கிராமத்தில் மேலே படகர்களின் ஹட்டி (அவர்கள் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்), நடுவில் லைன் வீடுகள், கீழே சரிவில் இருளர் குடியிருப்பு. அந்த மூன்று இடத்து ஆட்களும் ஏறுகிற ஒரே இடம் பஸ். எந்த வீட்டுப் பெண் மாசமாக இருக்கிறாள், எந்தப் பெரியவர் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு தடவை கீழே போகிறார், எந்தப் பையன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான் என்பதெல்லாம் டிக்கெட் கிழிக்கிறபோதே தெரிந்துவிடும். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு டவுனில் மாத்திரை வாங்கி வந்து கொடுப்பது கண்டக்டர்கள் எல்லாரும் செய்வதுதான். இவர் கூடுதலாகச் செய்தது எழுதி வைத்தது.

நோட்டின் முதல் பக்கம் 1998. சித்திக்கு இரண்டாவது பிரசவம், கோவையில். காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். நியாயமான தீர்ப்பு. நோயும் பட்டினியுமாக இருந்தவர்கள் தங்கள் உடம்பை விற்றுக்கொண்டிருந்த கொடுமை அதோடு நின்றது. ஆனால் மலையிலிருந்து ஒற்றை ஆளாக இறங்கி வந்தவன் ரத்தத்துக்கு யாரிடம் போவான்? அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணுக்கு இரண்டு யூனிட் கேட்டிருந்தார்கள். கூட இருந்தது அவளுடைய புருஷன் மட்டும். சித்தப்பா தான் ஒரு யூனிட் கொடுத்துவிட்டு, உக்கடம் பஸ் நிலையத்துக்குப் போய்த் தெரிந்த டிரைவர் ஒருவரைக் கூட்டி வந்தார். நோட்டில் முதல் இரண்டு பெயர் அவர்கள் இருவருடையது.

அதற்கப்புறம் நோட்டு வளர்ந்தது. பெயர், ரத்தப் பிரிவு, ஊர், எந்த பஸ் ஸ்டாப், கடைசியாகக் கொடுத்த தேதி. வயது 18க்கு மேல் 65க்குள், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், ஆண் என்றால் 90 நாள், பெண் என்றால் 120 நாள் இடைவெளி என்று அட்டையின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். எடுத்த ரத்தம் 35 நாள்தான் தாங்கும் என்பதற்குக் கீழே இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டுக்குக் காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு முகாமுக்கு எழுபது பேரைத் திரட்டிக்கொண்டு போய்ப் பெருமையாக நின்றிருக்கிறார். நர்ஸம்மா தனியாகக் கூப்பிட்டு, "இவ்வளவையும் ஒரே நாள்ல எடுத்தா மாசக் கடைசில கீழ கொட்டணும்" என்றிருக்கிறார். அன்றிலிருந்து தேவைக்கு ஒருவர், கையிருப்பாக ஒருவர். அதற்கு மேல் யாரையும் கூப்பிட மாட்டார்.

அவரே ஐம்பத்திரண்டு தடவை கொடுத்திருக்கிறார். 2017இல் சர்க்கரைக்கு இன்சுலின் போட ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டியதாயிற்று. அதில் அவருக்கு மிகுந்த வருத்தம்.

கீழே இருளர் குடியிருப்பில் ஒரு சிறுமிக்கு அரிவாள் செல் ரத்தசோகை. ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து வலி கொடுக்கிற பரம்பரை நோய். நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த நோய் இருப்பது 1952லேயே கண்டறியப்பட்டது. இந்தியாவில் இதைக் கண்டதே இங்கேதான் முதலில். இருந்தும், "சூனியம்" என்று அந்தக் குழந்தையின் வலியை ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோத்தகிரியில் பழங்குடியினர் நலச் சங்கம் இதற்கென்றே பல வருடமாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும், சித்தப்பா அவளையும் அவள் அம்மாவையும் அங்கே கூட்டிப் போனார். நோட்டில் அவள் பெயருக்கு எதிரே இருப்பது: "குளிர் ஆகாது. மழையில் நனைய விடக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கணும். ஸ்வெட்டர் வாங்கணும்." கடைசி வரிக்கு டிக் அடித்திருக்கிறது.

2009 நவம்பர் 10

அந்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்கடியில் போனார்கள். மலை ரயில் பாதை அறுந்து தொங்கியது.

சித்தப்பா முந்தின இரவு ஹால்ட்டில் இருந்தார். காலையில் வண்டியை எடுக்க முடியவில்லை. டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா போன் செய்தார். ராத்திரி பிரசவமான பெண். ரத்தப்போக்கு விடியுமுன் நின்றுவிட்டது. ஆனால் ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே. ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போக ரோடு இல்லை. சித்தப்பா ஏழு கிலோமீட்டர் நடந்து டவுனுக்கு வந்தார்.

அவர் வரும்போது ஆஸ்பத்திரி வாசலில் இருபது முப்பது பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். "எங்க ரத்தத்தை எடுத்து ஏத்துங்க" என்று சத்தம். டாக்டர் முடியாது என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் டாக்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார். சித்தப்பா நடுவில் புகுந்து, தள்ளுமுள்ளில் கண்ணாடி உடைய, கத்தினாராம்: "பரிசோதிக்காத ரத்தத்த ஏத்தினா இன்னைக்குப் பொழைச்சு நாளைக்குச் சாவா! யாரும் உள்ள வரக் கூடாது!" எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி, சி, மலேரியா, மேகநோய் என்று ஐந்து சோதனை முடியாமல் எந்த ரத்தமும் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அது அவருக்குத் தெரியும். ஊரே நல்லவரென்று சொல்கிற ஒருவர் ஊரைப் பார்த்து 'முடியாது' என்று சொன்ன அந்தப் பத்து நிமிடம், அவர் செய்ததிலேயே கடினமான காரியம் என்று நான் நினைக்கிறேன். பிறகு நடந்ததைத்தான் எல்லாரும் கதையாகச் சொல்கிறார்கள். இதை யாரும் சொல்வதில்லை. நர்ஸம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பிறகு நடந்தது இது. நோயாளியின் ரத்த மாதிரி ஊட்டி ரத்த வங்கிக்குப் போக வேண்டும். அங்கே பொருத்தம் பார்த்து, இரண்டு யூனிட் திரும்பி வர வேண்டும். ரோட்டில் மூன்று இடத்தில் மண் சரிந்து கிடந்தது. சரிவுக்கும் சரிவுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வண்டிகள் இருந்தன. டைம் கீப்பரிடம் கேட்டு எந்தத் துண்டில் எந்த வண்டி நிற்கிறது என்று சித்தப்பா எழுதிக்கொண்டார். முதல் துண்டில் ஒரு ஜீப், இரண்டாவதில் அரசு பஸ், மூன்றாவதில் கொழுந்து லாரி. ஊட்டிப் பக்கம் ஒரு கண்டக்டரின் பைக். ஒவ்வொரு சரிவிலும் இரண்டு பேர் சேற்றில் முழங்கால் புதைய ஏறி இறங்கிக் கை மாற்றினார்கள். காலை எட்டேகாலுக்குக் கிளம்பிய ரத்த மாதிரி பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது. தடுப்பூசி கொண்டுபோகும் நீலப் பெட்டியில் ஐஸ் வைத்து, இரண்டு யூனிட்டும் நாலு மணிக்கு வந்து சேர்ந்தன. ஊட்டியில் தங்கியிருந்த இரண்டு பேர் நோட்டில் இருந்தார்கள். பதிலுக்கு அவர்கள் அங்கேயே போய்க் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைய பக்கத்தில் சித்தப்பா எழுதியிருப்பது மூன்றே வரி. "பெட்டிக்கு வெளியே முப்பது நிமிஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆரம்பித்தால் நாலு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்கணும். தாயும் பிள்ளையும் சௌக்கியம்."

தவறு

இதையும் எழுதத்தான் வேண்டும். 2013இல் கீழே ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து அவசரமென்று கேட்டார்கள். ஒரு வேன் பிடித்து ஒன்பது பேரை அனுப்பினார். பாதிப் பேர் தேயிலை பறிக்கிற பெண்கள். அதில் நாலு பேரை ரத்தம் போதவில்லையென்று திருப்பிவிட்டார்கள். போக வர ஒரு நாள் போயிற்று. அன்றைய கூலி போயிற்று. அதில் ஒரு அக்கா வீட்டில் அந்த வாரம் அரிசி வாங்கக் காசில்லை என்பது பத்து நாள் கழித்து சித்தியின் காதுக்கு வந்தது.

சித்தி அவரிடம் அன்று பேசியதை என்னிடம் அப்படியே சொன்னார். "நீங்க மாசச் சம்பளக்காரரு. லீவு போட்டா ஆபீஸ்ல கையெழுத்து. அவுங்களுக்கு அடுப்புல கையெழுத்து." சித்தப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். பிறகு, தினக்கூலிக்குப் போகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் கூப்பிடுவதில்லை என்று விதி வைத்தார். யார் போனாலும் பஸ் செலவும் சாப்பாடும் தன் பணத்தில். வீட்டில் கறி எடுப்பது மாதத்தில் ஒரு ஞாயிறு என்று குறைந்தது அதிலிருந்துதான்.

வீடு

"நல்ல மனுஷன், குடும்பத்தையும் விடல, ஊரையும் விடல" என்று அவருடைய சாவு வீட்டில் பலர் சொன்னார்கள். இரண்டும் தனித்தனி போல அது ஒலிக்கிறது. ஹால்ட் இல்லாத இரவுகளில் அவர்தான் ரொட்டி சுடுவார், சிலோன் ரொட்டி, தேங்காய்ச் சம்பலோடு. சித்திக்கு முதுகு வலி வந்து படுத்திருந்த ஆறு மாதமும் இரண்டு மகள்களுக்கும் தலை பின்னிவிட்டது அவர். கோணல் வகிடு என்று பள்ளியில் கேலி செய்தார்கள் என்றதும் விடுப்பு நாளில் என்னை உட்கார வைத்துப் பழகினார். ஹால்ட்டில் இருந்தால் ராத்திரி வீட்டுக்குப் பேசாமல் சாப்பிட மாட்டார். அந்த ஊரில் டவர் வந்த புதிதில், பஸ் மேலே ஏறி நின்றால்தான் லைன் கிடைக்கும். ஏறி நின்று "ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" என்று கேட்பார் என்று டிரைவர் ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதார்.

வருத்தமும் இருந்தது. பெரிய மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அப்பா வந்தார். ஓ நெகட்டிவ் ஒன்று கிடைக்காமல் அலைந்திருக்கிறார். "ஒரு வருஷம் மனசுல வச்சிருந்தேன்" என்றாள் அவள் என்னிடம். "ஆனா அப்பா மேல இல்ல. போன் வந்தப்ப, 'போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்'னு சொன்னது அம்மா. அம்மா மேலதான் கோபம்."

இந்தப் பேச்சுக்குப் பிறகுதான் நோட்டை வேறு கண்ணோடு பார்த்தேன். பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள் இருந்தன. வட்டம், முக்கோணம், ஒற்றைக் கோடு. எனக்குப் புரியவில்லை. டிரைவர்களுக்கும் தெரியவில்லை. சித்தியிடம் காட்டினேன். வட்டம் போட்டிருந்தால் ராத்திரி கூப்பிடலாம். முக்கோணம் என்றால் வீட்டில் சொல்லாமல் வந்து கொடுப்பவர், போனில் விஷயத்தைச் சொல்லக் கூடாது. கோடு போட்டவர்கள் ஊசிக்குப் பயப்படுவார்கள், கூட ஓர் ஆள் போக வேண்டும். தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனார்.

அப்புறம்தான் கையெழுத்தைக் கவனித்தேன். முதல் நோட்டு முழுக்கச் சித்தப்பாவின் சாய்ந்த எழுத்து, பஸ்ஸில் இன்வாய்ஸ் என்கிற டிக்கெட் கணக்கு எழுதிப் பழகியது. இரண்டாவது நோட்டின் நடுவிலிருந்து உருண்டையான இன்னொரு எழுத்து வருகிறது. நான்காவதில் அதுதான் பெரும்பாலும். அவர் பஸ்ஸில் இருந்த நேரமெல்லாம் போனை எடுத்தது, தேதி பார்த்தது, 90 நாள் ஆகாதவரைக் கூப்பிடாமல் தவிர்த்தது, கொடுத்துவிட்டுத் திரும்பியவருக்கு மயக்கம் இல்லையே என்று விசாரித்தது எல்லாம் சித்தி. அவரைப் பற்றி வந்த பாராட்டுப் பத்திரங்கள் சுவரில் ஐந்து தொங்குகின்றன. ஒன்றிலும் சித்தி பெயர் இல்லை. இத்தனை வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த எனக்கும் அது கண்ணில் படவில்லை.

சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான்காவது நோட்டின் முதல் பக்கத்தில், சாய்ந்த எழுத்தில், "சந்தேகம் இருந்தால் வீட்டில் கேட்கவும்" என்று எழுதியிருக்கிறார்.

இப்போது

முதல் மூன்று மாதத்தில் முப்பது அழைப்புக்கு மேல் வந்தது. பாதிக்கு மேல் ஆள் கிடைத்தார்கள். கிடைக்காமல் போனதற்குக் காரணம், பஸ்ஸில் கிடைத்த செய்தி நின்றுபோனது. யார் ஊரை விட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள், யாருக்குக் கல்யாணமாயிற்று என்று வீட்டில் இருந்தபடி சித்திக்குத் தெரியவில்லை. இளைஞர்கள் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். இருநூறு பேர் சேர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் முடிந்துபோன கோரிக்கை எங்கிருந்தோ சுற்றி வந்து, ஒருவர் மெனக்கெட்டுக் குன்னூர் வரை போய்த் திரும்பினார். சித்தி அதன் பிறகு ஒன்று சொல்லிவிட்டார்: தேதி இல்லாத செய்தியை யாரும் போடக் கூடாது, ரத்தம் கிடைத்ததும் "முடிந்தது" என்று போட்டாக வேண்டும், போட்டாலும் கூப்பிட்டுப் பேசாமல் யாரும் கிளம்பக் கூடாது. இப்போது ஹால்ட் பஸ்ஸின் புது கண்டக்டர், ரேஷன் கடையில் இருக்கிற ஒரு தங்கை, நர்ஸ் படிப்பு முடித்த சின்ன மகள் மூன்று பேரும் சித்தியோடு இருக்கிறார்கள். புது கண்டக்டர் காலை ட்ரிப்பில் வீட்டு வளைவில் வண்டியை மெதுவாக்கி, சீட்டு ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டுவார். சித்தி வாசலில் பிளேன்டி (பால் சேர்க்காத டீ) டம்ளரோடு நின்று வாங்கிக்கொள்வார்.

போன மாதம் போயிருந்தபோது ஐந்தாவது நோட்டைக் காட்டினார். கடைசிப் பக்கத்தில், மற்ற பெயர்களோடு சேராமல், ஒரே ஒரு பெயர் தனியாக இருந்தது. 2009இல் அந்த மழை நாளில் பிறந்த பையன். பதினோராம் வகுப்பு படிக்கிறான். பதினெட்டு முடிகிற மாதத்தைச் சித்தி கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்: 2027 நவம்பர். அவனே வந்து எழுதச் சொன்னானாம். ரத்தப் பிரிவுக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.